1,500 ரூபாய்க்குள், ஆசிரியர் இல்லாமல், மாலையில் மாடியில் அமர்ந்து ஊதுவதற்கு எந்தக் கருவி ஏற்றது?

ஆற்றோரத்தான் (அம்பாசமுத்திரம்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன்; வயது 47. முறையாக இசை கற்றவன் அல்லன். ஆனால் வானொலியில் கேட்டுப் பழகிய பழைய திரைப்பாடல்களைச் சீழ்க்கையடித்தே முதலிலிருந்து கடைசிவரை கொண்டுபோய்விடுவேன். அதனால் ஏதேனும் ஓர் ஊதுகருவியைப் பழகினால் என்ன என்ற ஆசை சில ஆண்டுகளாகவே மனத்தில் கிடக்கிறது.

சென்ற ஆண்டு குற்றாலத்தில் சாரல் நேரத்தில், ஐந்தருவிக்குப் போகும் வழியில், ஒரு கம்பு நிறையப் புல்லாங்குழல்களைச் செருகி வைத்துக்கொண்டு ஊதியபடியே வந்தவரிடம் 80 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். அவர் கையில் இருந்தவரை அது பாடியது. என் கைக்கு வந்ததும் வெறும் காற்றுதான் வந்தது. பத்து நாள் முயன்ற பிறகு சத்தம் எழுந்தது என்றாலும், கைப்பேசியில் சுருதியைப் போட்டுக்கொண்டு ஊதினால் ஒரு ஸ்வரமும் அதனோடு ஒட்டவில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊதினால் தலை சுற்றியது. குழல் இப்போது பரணில் இருக்கிறது. குறை என்னிடமா, குழலிடமா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். ஆலை வேலை முடிந்து வந்த பின் மாலையில் அரை மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும். ஆசிரியரிடம் போய்ப் படிக்க வாய்ப்பில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் அதே கருவியை எடுத்து ஊதுவாள் என்பது உறுதி. பக்கத்து வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையே ஒரே சுவர். இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் மறுபடியும் புல்லாங்குழலா, மௌத் ஆர்கனா, அல்லது சில பள்ளிகளில் பிள்ளைகள் வைத்திருக்கும் ரெக்கார்டர் என்ற குழலா? எதை வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


மூங்கில்நெல் (பாளையங்கோட்டை):

அண்ணாச்சிக்கு வணக்கம். குறை பெரும்பாலும் குழலிடம்தான். உங்களிடம் உள்ளது கொஞ்சம்.

திருவிழாவிலும் அருவிக்கரையிலும் விற்கும் குழல்களில் பெரும்பாலானவை சுருதி பார்த்துத் துளையிட்டவை அல்ல. ஒரே அளவுகோலை வைத்து எல்லா மூங்கிலிலும் துளை போட்டுவிடுகிறார்கள். மூங்கிலின் உள்விட்டமோ ஒன்றுக்கொன்று மாறும். விட்டம் மாறினால் துளையின் இடமும் மாற வேண்டும். விற்பவர் பல ஆண்டுப் பழக்கத்தால் உதட்டைத் திருப்பியும் மூச்சைக் கூட்டிக் குறைத்தும் அந்தப் பிசகை மறைத்துவிடுகிறார். புதியவருக்கு அது கைவராது. ஆகவே அந்தக் குழலைப் பரணிலேயே விட்டுவிடுங்கள்.

தலை சுற்றுவது உங்கள் பங்கு. துளையின் விளிம்பில் பட வேண்டிய காற்றில் பாதிக்கு மேல் வெளியே சிதறிப் போவதால், தேவைக்கு மிஞ்சி மூச்சை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். உதட்டு இடுக்கு சிறுத்துக் காற்று ஒரு கோடாகச் சென்று விளிம்பில் படப் பழகிவிட்டால் மயக்கம் தானே நின்றுவிடும். அதுவரை மூன்று நிமிடம் ஊதிவிட்டு இரண்டு நிமிடம் அமர்ந்திருங்கள். சோடா பாட்டிலின் வாயில் ஊதி ஒலி எழுப்பிப் பழகுவதும் இதற்கு உதவும்.

மறுபடியும் புல்லாங்குழல்தான் என்று முடிவு செய்தால், வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் கர்நாடக முறைக் குழலில் விரலுக்கு எட்டுத் துளைகள் உண்டு. எட்டாவது பெரும்பாலும் மூடப்படாமலே இருக்கும். இந்துஸ்தானி பான்சுரிக்கு ஆறு துளைகள், சிலவற்றில் ஏழு. இணையத்தில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் பின்னவை. அவர்கள் மூன்று துளைகளை மூடி ஊதுவதை ஸட்ஜமாக (ஸ) கொள்கிறார்கள். நாம் இரண்டு துளைகளை மூடி ஊதுவதை ஸட்ஜமாகக் கொள்கிறோம். நாம் சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற கணக்கில் சொல்கிறோம்; மேற்கத்திய ‘சி’ நமக்கு 1 கட்டை. அதனால் அவர்கள் ‘சி நேச்சுரல்’ என்று விற்கும் குழலை நம் முறையில் ஊதினால் 1 கட்டைக்குப் பதிலாக 2 கட்டை பேசும். இது தெரியாமல் ஒன்றை வாங்கிவிட்டு, கைப்பேசியில் 1 கட்டைச் சுருதியை வைத்து ஊதி ஊதி, குழல் கெட்டது என்று நான் ஒரு மாதம் திட்டிக்கொண்டிருந்தேன்.

அளவைப் பொறுத்தவரை 5 கட்டைக் குழல் புதியவர் விரலுக்கு எட்டும். உங்கள் மகளுக்கும் எட்டும். 2 கட்டைக் குழல் நீளமானது, துளைகளின் இடைவெளியும் அதிகம். அதன் கம்பீரத்தில் மயங்கித் தொடக்கத்திலேயே வாங்கிவிடாதீர்கள். மூங்கிலுக்கு நம் ஊர் அக்கினி நட்சத்திரம் ஆகாது. அவ்வப்போது உள்ளும் புறமும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும், நூல் சுற்றிய கட்டும் இருந்தால் விரிசல் விழுவது தள்ளிப்போகும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்தால் எந்தக் கட்டும் காப்பாற்றாது.

நெல்லையப்பர் கோயிலின் தலமரமே மூங்கில்தான். ஊருக்கு வேணுவனம் என்றும் ஒரு பெயர். வேணு என்ற சொல் மூங்கிலையும் குறிக்கும், குழலையும் குறிக்கும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நல்ல குழலுக்கு வெளியூரை எதிர்பார்க்க வேண்டியிருப்பது எனக்கு எப்போதும் ஒரு குறைதான்.


சுண்ணக்கட்டி (தென்காசி):

அண்ணனுக்கு வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டும் ரெக்கார்டரும் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முந்தைய பதிலில் சொல்லப்பட்ட உதட்டுச் சிக்கல் முழுவதும் புல்லாங்குழலுக்கு உரியது. ரெக்கார்டரிலும் டின் விசிலிலும் காற்றை விளிம்புக்குக் கொண்டு சேர்க்கும் வேலையைக் கருவியின் வாயே செய்துவிடுகிறது. காவலர் ஊதும் விசிலைப் போல வாயில் வைத்து ஊதினால் ஒலி வந்துவிடும். ஆகவே முதல் நாளே பாட்டின் ஓர் அடியையாவது ஊதிவிட்டு எழுந்திருக்கலாம். நாற்பது வயதுக்கு மேல் தொடங்குபவர்கள் பாதியில் விடுவதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று. முதல் பதினைந்து நாளில் கைக்கு ஒன்றும் வராமல் போவதுதான்.

பிளாஸ்டிக் ரெக்கார்டர் 1,000 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். வெதுவெதுப்பான நீரில் சோப்பு போட்டுக் கழுவலாம் என்பதால் நீங்களும் மகளும் பகிர்ந்துகொள்வதில் தடையில்லை. கடையில் கேட்கும்போது ‘ஊதுகிற ரெக்கார்டர்’ என்று அழுத்திச் சொல்லுங்கள். நான் முதன்முதலில் கேட்டபோது கடைக்காரர் குரலைப் பதிவுசெய்யும் கருவியை எடுத்து வைத்து, மின்கலமும் வேண்டுமா என்றார்.

ரெக்கார்டரில் ஜெர்மன் முறை, பரோக் முறை என்று இரண்டு விரலமைப்புகள் உண்டு. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பின்புறம் பெரும்பாலும் ‘ஜி’ அல்லது ‘பி’ என்ற எழுத்து பொறித்திருக்கும். ஜெர்மன் முறையில் சுத்த மத்யமம் (தாழ்ந்த ‘ம’) நேராக வரிசைப்படி விரலெடுத்தால் வந்துவிடும் என்பதால் எளிது என்று அதைத்தான் விற்பார்கள். ஆனால் அதற்கு விலையாகப் பிரதி மத்யமம் (உயர்ந்த ‘ம’) சுருதி விலகிப் போகும். அந்தப் பிரதி மத்யமம் வரும் கல்யாணி ராகச் சாயலில் அமைந்த திரைப்பாடல்கள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுத்த மத்யமத்துக்கு ஒரு விரலைத் தாண்டிப் பிடிக்கும் சிரமத்தை ஒரு வாரம் பொறுத்துக்கொண்டு பரோக் முறையையே வாங்குங்கள்.


ரயிலடி (திருநெல்வேலி சந்திப்பு):

ரயில்வேயில் இரவுப் பணி பார்த்த காலம் முழுவதும் என் சட்டைப் பையில் மௌத் ஆர்கன் இருந்தது. அதனால் அதன் நல்லதையும் அல்லாததையும் சேர்த்தே சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட மூன்றில், ஊதினாலும் ஒலிக்கும், உள்ளே இழுத்தாலும் ஒலிக்கும் கருவி இதுதான். பத்துத் துளையுள்ள சிறிய வகையில் நான்காம் துளையிலிருந்து தொடங்க வேண்டும். நான்கில் ஊதினால் ஸ, இழுத்தால் ரி. ஐந்தில் ஊதினால் க, இழுத்தால் ம. ஆறில் ஊதினால் ப, இழுத்தால் த. ஏழாம் துளையில் மட்டும் இது தலைகீழாகிவிடும். இழுத்தால் நி, ஊதினால் மேல் ஸ. இந்த ஏழாம் துளையில் இடறாதவர் இல்லை. முதல் மூன்று துளைகளில் மத்யமமும் (ம) தைவதமும் (த) கிடையாது. ஆகவே கீழ் ஸ்தாயிக்கு இறங்கும் பாட்டு என்றால் பாதி வழியில் படி உடைந்த கதைதான். இருபத்து நான்கு துளை வகையில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கருவிக்குள் அதிரும் மெல்லிய தகடுகளான நாக்குகள் இரண்டு இருக்கும். அவற்றைச் சற்றே சுருதி பிசகவிட்டு அமைத்திருப்பதால் ஒலி அலைபாயும். பழைய திரைப்பாடலுக்கு அந்த அலை மிகவும் பொருந்தும். எனக்குப் பிடித்தது அதுதான்.

இப்போது அல்லாதது. உங்கள் கேள்வியில் மகளும் இதே கருவியை ஊதுவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மௌத் ஆர்கனைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. எச்சில் உள்ளே தங்கும், முழுக்க நீரில் போட்டுக் கழுவவும் முடியாது. சாப்பிட்ட வாயோடு ஊதினால் ஒரு பருக்கைத் துணுக்கு போதும், கருவியின் நாக்கு அடைத்துக்கொள்ளும். நாக்கு ஒன்று சுருதி இறங்கிவிட்டால் சரிசெய்து தருபவர்கள் நம் பக்கத்தில் அரிது. அத்துடன் இந்த எளிய வகையில் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள் மட்டுமே உண்டு. பாட்டில் ஓர் அந்நிய ஸ்வரம் வந்தால் தலையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போக வேண்டியதுதான். நான் முப்பது ஆண்டுகளாக அப்படித்தான் தாண்டிக்கொண்டிருக்கிறேன்.


ஆற்றோரத்தான்:

மூவருக்கும் மிக்க நன்றி. மௌத் ஆர்கன் ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டியிருக்கும் என்பதால் அதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். டீச்சர் அம்மா போகிற போக்கில் டின் விசில் என்று ஒன்றைச் சொன்னார்கள். அது என்ன, ரெக்கார்டரிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று யாராவது சொன்னால் நல்லது. என்றாவது ஒரு நாள் புல்லாங்குழலுக்குத் திரும்பும் எண்ணமும் இருக்கிறது. நாதசுரத்தைப் பற்றி ஆலையில் ஒருவர் சொன்னார். அது தனி ஆசை.


சீவாளி (கல்லிடைக்குறிச்சி):

நாதசுரக் குடும்பத்தில் பிறந்தவன். அண்ணாச்சி, அந்த ஆசையை ஆசையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பட்ஜெட்டில் நாதசுரம் வராது என்பது ஒரு பக்கம். ஊதும் முனையில் செருகும் சீவாளியை உதட்டில் அடக்கிப் பிடித்து, மூச்சை ஒரே அழுத்தத்தில் நிறுத்தி, நேராக ஒரு ஸட்ஜம் ஊதுவதற்கே மாதங்கள் ஆகும். அதுவும் அருகில் இருந்து பார்த்துத் திருத்த ஓர் ஆசிரியர் வேண்டும். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டுப் பயிற்சியாக அதைச் சொல்லிக்கொடுப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கோயில் வெளியில் ஒலிப்பதற்காகவே பிறந்த கருவி அது. ஒரே சுவர் இருக்கும் வீட்டில் நீங்கள் எடுத்தால் முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டார் வந்து நிற்பார்கள். எங்கள் வீட்டிலேயே என்னை வாய்க்கால் கரைக்குத்தான் அனுப்புவார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் காருகுறிச்சி இருக்கிறது. நாதசுர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் 1964இல் மறைந்தவர். அவர் வாசிப்பின் பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. எந்தக் கருவியை வாங்கினாலும் மாலையில் ஊதுமுன் பத்து நிமிடம் அவற்றைக் கேளுங்கள். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் வழுக்கிப் போவதைக் கேட்டால், துளையை விரலால் முழுக்க மூடுவதும் திறப்பதும் மட்டும் வாசிப்பு ஆகாது என்பது காதுக்கே புரியும். அப்படி வழுக்குவதற்கு இடம் தரும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். ஆழ்வார்திருநகரிக் கோயிலில் கல்லில் செய்த நாதசுரம் ஒன்று இருக்கிறது. அதற்கும் துளைகள்தான், சாவிகள் இல்லை.


மூங்கில்நெல்:

டின் விசிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சீவாளி அண்ணன் சொன்னதும் அதனோடு சேர்ந்து வருவதால் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ராபர்ட் கிளார்க் என்பவர் 1843இல் தகரத்தைச் சுருட்டி இந்த விசிலைச் செய்து விற்கத் தொடங்கினார். அயர்லாந்து நாட்டுப்புற இசையில் அது நிலைபெற்றது. முன்புறம் ஆறு துளைகள் மட்டும். ரெக்கார்டரைப் போலப் பெருவிரலுக்குப் பின்துளை இல்லை. பரவலாகக் கிடைப்பது ‘டி’ சுருதி, அதாவது நம் 2 கட்டை. ஆறையும் மூடினால் ஸட்ஜம். கீழிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டே போனால் சங்கராபரணம் வந்துவிடும். மேல் ஸ்தாயிக்கு விரலை மாற்ற வேண்டாம், மூச்சைச் சற்றுக் கூட்டினால் போதும்.

டீச்சர் அம்மாவோடு எனக்குச் சிறு கருத்து வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மகளுக்கு மட்டும் என்றால் ரெக்கார்டர்தான் சரி. ஆனால் பிற்காலத்தில் புல்லாங்குழலுக்குப் போக நினைப்பவர், ரெக்கார்டரின் தாண்டிப் பிடிக்கும் விரலமைப்பைக் கற்று, பிறகு அதை மறக்க வேண்டியிருக்கும். விசிலின் ஆறு துளைகளும் புல்லாங்குழலின் முதல் ஆறு துளைகளும் ஒரே வரிசையில் ஒரே இடைவெளி ஸ்வரங்களைத் தருபவை. எங்கிருந்து ஸட்ஜத்தை எடுக்கிறோம் என்பதுதான் மாறுகிறது. ஆறையும் மூடிய இடத்தை ஸட்ஜமாக வைத்தால் சங்கராபரணம். மூன்று மூடிய இடத்தை வைத்தால் கல்யாணி. இரண்டு மூடிய இடத்தை, அதாவது நம் குழலின் ஸட்ஜத்தை வைத்தால் ஹரிகாம்போதி. ஐந்து மூடிய இடத்திலிருந்து தொடங்கினால் கரஹரப்ரியாவும், ஒன்று மூடிய இடத்திலிருந்து தொடங்கினால் நடபைரவியும் அரைத்துளை (துளையைப் பாதி மட்டும் மூடுவது) இல்லாமலே வந்துவிடும். காதால் கேட்டு ஊதுபவருக்கு இது பெரிய வசதி. ஒரு பாட்டு ஓரிடத்தில் முட்டினால் ஸட்ஜத்தை வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள். பல நேரங்களில் வழி திறந்துவிடும்.

முதல் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குவது நம் மரபு என்றாலும், குழலில் அந்த ராகத்தின் ரிஷபத்துக்கும் (ரி) தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் (நி) அரைத்துளை பிடிக்க வேண்டும். தனியாகப் பழகும் நீங்கள் மோகனத்தில் தொடங்குங்கள். விசிலில் ஆறு, ஐந்து, நான்கு, இரண்டு, ஒன்று என்று மூடிக்கொண்டே வந்தால் ஸ ரி க ப த. ஒரு வாரத்தில் விரல் அந்த வழியைப் பிடித்துவிடும். அதன் பிறகு விரலைத் தூக்காமல் துளையின் மேலேயே மெல்ல இழுத்துப் பாருங்கள்; சீவாளி அண்ணன் சொன்ன வழுக்கல் சிறிதளவாவது வரும்.

கைப்பேசியில் சுருதி பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். காற்று ஒரு பாகை சூடேறினால் குழலின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் உயரும்; சென்ட் என்பது சுருதியை நுணுக்கமாக அளக்கும் அலகு. அடுத்தடுத்த இரண்டு ஸ்வரத்தானங்களுக்கு இடையில் உள்ளது 100 சென்ட். சித்திரை மாதத்து மதியத்தில் ஊதிப் பார்த்துவிட்டுக் கருவி சுருதி ஏறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.


சுண்ணக்கட்டி:

கருத்து வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் விசிலின் மேல் ஸ்தாயி காதைத் துளைக்கும் என்பதையும் அண்ணனிடம் சொல்லியிருக்கலாம்.


ஆற்றோரத்தான்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். ‘டி’ சுருதி விசில் ஒன்றை இணையத்தில் வரவழைத்தேன். அஞ்சல் செலவோடு 1,200 ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. முதல் நாள் மாலையே ஒலி வந்துவிட்டது. மோகனம் இரண்டாம் வாரத்தில் கைக்குப் படிந்தது. எனக்கு நன்கு தெரிந்த ஒரு பாட்டின் பல்லவி, சங்கராபரணத் துளையில் முட்டிக்கொண்டே இருந்தது. மூன்று மூடிய இடத்துக்கு ஸட்ஜத்தை மாற்றியவுடன் அது தானாக வந்து நின்றது. அது கல்யாணியா என்று எனக்குத் தெரியாது. என் மனைவி உள்ளேயிருந்து பாட்டின் பெயரைச் சொன்னாள், அது போதும்.

மகள் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அரை மணி நேரம் என்று இருந்தது இப்போது கால் மணி நேரமாகிவிட்டது.

டீச்சர் அம்மா எச்சரித்தது உண்மைதான். மேல் ஸ்தாயி பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டிப் போகிறது. அந்த வீட்டுப் பெரியவர் இரவு எட்டு மணிக்கே படுத்துவிடுவார். ஒலியைக் குறைக்க ஏதேனும் வழி உண்டா?


சுண்ணக்கட்டி:

உண்டு, அண்ணன். வாய்க்குக் கீழே சதுரமாக ஒரு திறப்பு இருக்கிறது அல்லவா, ஒலி பிறப்பது அங்கேதான். அதன் ஓர் ஓரத்தில், அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மறையும்படி, ஒட்டும் நாடாவைச் சிறு துண்டாக நறுக்கி ஒட்டுங்கள். கூர்மையான விளிம்பின் நடுப்பகுதி திறந்தே இருக்க வேண்டும். ஒலி நன்றாகவே தணிந்துவிடும். சுருதி சற்று இறங்கினால் நாடாவை ஒரு நூல் அளவு வெளியே நகர்த்திப் பாருங்கள். மகள் ஊதும்போது பிய்த்துவிடுவாள். இரண்டு துண்டு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.